ஆசிய வளர்ச்சி வங்கி ஜப்பானின் சொத்தா?

“ஆசிய வளர்ச்சி வங்கி ஜப்பான்காரர்களின் தனியார் வங்கி, கடனைக் கட்டாவிட்டால் நாட்டின் நிலத்தையே எடுத்துக்கொள்ளும்” என்று ஒரு செய்தி சுற்றிவருகிறது. இரண்டுமே தவறு.

1966-இல் தொடங்கிய இந்த வங்கியின் தலைமையகம் மணிலாவில் இருக்கிறது. இதன் பங்குகளைப் பங்குச் சந்தையில் யாரும் வாங்க முடியாது, ஏனென்றால் உறுப்பு நாடுகள் மட்டுமே பங்குதாரர்கள். ஜப்பானும் அமெரிக்காவும் ஆளுக்குச் சுமார் 15.6% வைத்திருக்கின்றன. அடுத்து சீனா, இந்தியா, தலா 6 சதவீதத்துக்குச் சற்று மேல். தலைவர் பதவிக்கு இதுவரை ஜப்பானியர்களே வந்திருக்கிறார்கள், குழப்பம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மொத்தப் பங்குகளில் குறைந்தது 60% ஆசிய பசிபிக் நாடுகளிடம் இருக்க வேண்டும் என்று வங்கியின் சாசனமே சொல்கிறது. வாக்குகளிலும் 20% எல்லா உறுப்பினர்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. குட்டித் தீவு நாடான துவாலுவுக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, கடன் கொடுக்கப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, உலகச் சந்தையில் கடன் பத்திரங்கள் விற்றுத் திரட்டுவது. உறுப்பு நாடுகள் கையிலிருந்து செலுத்தும் மூலதனம் சிறிய அளவுதான். மீதி, தேவைப்பட்டால் தருவோம் என்ற உறுதிமொழி. அந்த உறுதிமொழி பின்னால் நிற்பதால்தான் வங்கிக்குக் குறைந்த வட்டியில் பணம் கிடைக்கிறது. மிக ஏழை நாடுகளுக்கு மானியமாகவும் தருகிறார்கள்.

அப்புறம், அந்த நிலம் விஷயம். அரசுகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு ஈடு அரசின் வாக்குறுதிதான், நிலமோ துறைமுகமோ அடமானம் கிடையாது. தவணை தவறினால் புதுக் கடன் நிற்கும், ஒப்புக்கொண்ட தொகையின் மிச்சமும் நிற்கும்.