பாவமன்னிப்புக்குப் பற்றுச்சீட்டா?

“கொழும்பில் கத்தோலிக்கச் சுவாமியாரிடம் காசு கட்டினால் எந்தப் பாவமும் போய்விடும், திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை” என்று ஒரு பற்றுச்சீட்டுப் படத்தோடு வட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. நான் நாத்திகன், சந்தோசப்படுவேன் என்று நினைத்தோ என்னவோ, கொட்டாஞ்சேனை நண்பர்கள் இரண்டு பேர் எனக்கும் அனுப்பிவிட்டார்கள்.

செய்தி பிழை. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்: ‘பூசைக் கருத்து, இறந்தவருக்காக’ என்றுதான் எழுதியிருக்கிறது. அது இறந்தவரை நினைத்துப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டுக் கொடுக்கும் காணிக்கை. சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கட்டணம் கிடையாது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1451ஆம் பத்தி மனம் வருந்துவதைத்தான் முதலில் வைக்கிறது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது 1459ஆம் பத்தி. வத்திக்கான் இணையத்தளத்தில் வாசிக்கலாம். ஒரு காலத்தில் ‘பலன்களை’, அதாவது பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் திருச்சபைச் சலுகைகளை, காசுக்கு விற்றார்கள், சரி. 1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் எதிர்த்தது அதைத்தான். ஆனால் காசோடு சேர்ந்த பலன்களை 5ஆம் பயஸ் பாப்பரசர் 1567இலேயே ரத்துச் செய்துவிட்டார்.

நான் ஒருவரை ஏமாற்றினால் மன்னிக்க வேண்டியவர் அவர்தான், இடையில் கடவுள் எதற்கு என்பது என் கேள்வி. அதைக் கேட்க இந்தப் பொய் வேண்டாம். படம் உங்களுக்கு வந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.