தஞ்சோங் பகாரில் அந்தக் கவுண்டரையும் காப்பாற்றுங்கள்

சிங்கப்பூரின் பழைய தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போகிற எல்லாரும் முகப்பில் இருக்கும் நான்கு பளிங்குச் சிலைகளுக்குக் கீழே நின்றுதான் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். 1932இல் திறந்த கட்டடம், 2011இல் தேசிய நினைவுச்சின்னம். சரி, அழகுதான். எனக்கென்னவோ அந்த நிலையம் என்றாலே மலேசியக் குடிநுழைவுக் கவுண்டர்தான் ஞாபகம் வரும்.

1998இல் சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடியை எல்லையோரத்து உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்துவிட்டது. அப்புறம் 13 வருடம் நடந்தது பெரிய கூத்து. வண்டி ஏறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்துவிடுவோம். உட்லண்ட்ஸில் இறங்கித்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவோம். அம்மாவோடு கோலாலம்பூருக்கு இரவு ரயிலில் போனபோது, மடியில் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு கடப்பிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "முத்திரையே குத்தலையேப்பா, திருப்பி அனுப்பிடுவானா?" உட்லண்ட்ஸ் வரை இதே கேள்விதான்.

கட்டணமும் அப்படித்தான். எண் ஒன்றே, இங்கே ஏறினால் சிங்கப்பூர் வெள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் ஏறினால் மதிப்புக் குறைந்த மலேசிய ரிங்கிட். கடற்பாலத்தைத் தாண்டிப் போய் ஏறிக் காசு மிச்சம் பிடிக்காதவர் யார்?

ஒற்றைத் தண்டவாளம் வேறு. எதிரே வண்டி வராது என்பதற்கு அத்தாட்சியாக ஓட்டுநரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். புக்கிட் தீமா நிலையத்தில் அதைப் பெரிய வளையத்தில் மாட்டிக் கையால் கொடுத்து வாங்கினார்கள். எம்ஆர்டி என்கிற நவீன நகர ரயில் ஓடும் ஊரில், 2011 வரை!

நிலையமும் தண்டவாளமும் இருந்த நிலம் மலேசியாவின் மலாயன் ரயில்வேயிடம் இருந்தது. அதைப் பற்றி 1990இல் போட்ட ஒப்பந்தத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொல்லி இரண்டு நாடுகளும் 20 வருடம் இழுத்தன. கடைசியில் நிலையம் மூடப்பட்டது; 2011 ஜூன் 30 இரவு அங்கிருந்து கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிப்போனார்.

இப்போது அந்த இடத்துக்கு அடியில் கண்டோன்மெண்ட் எம்ஆர்டி. மேலே உள்ள கட்டடத்தை என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். உணவகம் வரட்டும், கண்காட்சி வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மலாயாவில் தண்டவாளம் போட்ட தமிழ்த் தொழிலாளிகளுக்கும், நிலைய அதிபர் மேசையில் உட்கார்ந்த யாழ்ப்பாணத்தாருக்கும் ஒரு சுவர் ஒதுக்குங்கள். கூடவே ஒரு குடிநுழைவுக் கவுண்டரை வைத்து, முத்திரை குத்தாமல் விட்ட கதையைத் தமிழிலும் எழுதிப்போடுங்கள். அம்மாவை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும்.