6 ஓம் காட்டினால் ஸ்பீக்கர் போலி அல்ல

"8 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 6 காட்டினால் போலி, 2 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள்" என்று சிலர் சொல்வது தவறு. மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கு வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) தரும் மின்தடையை மட்டும்தான். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 6-ஐ ஒட்டி இருப்பது இயல்பு.

அச்சிட்டிருக்கும் 8 என்பது பெயரளவு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்), அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பு. பாட்டு மாறுமின்னோட்டமாகப் போகிறது, அதனால் அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். ஊஃபரின் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) ஒத்ததிர்வுப் புள்ளியில், அதாவது கூம்பு தானாகவே எளிதில் அதிரும் அதிர்வெண்ணில், 30 ஓமைக்கூடத் தாண்டலாம். அப்புறம் இறங்கி, மேல் அதிர்வெண்களில் காயிலின் மின்தூண்டலால் மறுபடி ஏறும். ஸ்பீக்கர்களுக்கான ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரப்படி, 8 ஓம் ஸ்பீக்கரின் மிகக் குறைந்த மின்மறுப்பு 6.4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

தயவுசெய்து ரெசிஸ்டர் போடாதீர்கள். பவர் வெப்பமாக வீணாகும், பாஸ் (தாழ்ந்த ஒலி) தொளதொளத்துவிடும். ஆம்ப்ளிஃபயர் குறைந்தது எத்தனை ஓம் ஸ்பீக்கர் வரை தாங்கும் என்று பெரும்பாலும் அதன் பின்புறம் எழுதியிருக்கும், அதைப் பார்த்தால் போதும்.