புலன்களைப் பறிக்காத தொட்டி

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே 11 ஆண்டுகளாகக் கணினி முன் அமர்ந்து வேலை செய்யும் எனக்குக் கழுத்துவலி பழகிப்போன ஒன்று. பிசியோதெரபிக்குப் பிறகும் வலி மிச்சமிருந்ததால், உடன் பணிபுரியும் நண்பர் வற்புறுத்த, சென்ற சனிக்கிழமை முதன்முறையாக ஒரு மிதவைத் தொட்டியில் 90 நிமிடம் படுத்திருந்தேன். ‘சென்சரி டெப்ரிவேஷன் டேங்க்’, அதாவது புலன்களுக்கு எதுவும் கிடைக்காமல் செய்யும் தொட்டி என்றே பலரும் இதை இன்னும் அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு அஞ்சியே பல மாதங்கள் தள்ளிப்போட்டேன். படுத்து எழுந்த பிறகு, அந்தப் பெயர் தவறானது என்று உறுதியாக நினைக்கிறேன்.

தொட்டியில் நீரின் ஆழம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்தான். ஆனால் அதில் சுமார் 400 கிலோ எப்சம் உப்பு கரைந்திருக்கிறது. நம் ஊர் மருந்துக்கடையில் பேதியுப்பு என்று கேட்டு வாங்குவோமே, அதே உப்புதான். அதனால் நீரின் அடர்த்தி கூடி, நீச்சல் தெரியாதவரையும் தக்கைபோலத் தாங்கிக்கொள்கிறது. வெப்பம் தோலின் வெப்பத்தை ஒட்டி, 34 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கப்படுகிறது. குளித்துவிட்டு, காதில் அடைப்பானைச் செருகிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

முதல் பத்து நிமிடங்கள் எனக்கு நிம்மதியாக இல்லை. காலையில் தேங்காய் துருவும்போது விரலில் பட்ட சிறு கீறல் உப்புநீரில் தீயாய் எரிந்தது. அதைவிடப் பெரிய தொல்லை கழுத்து. உடல் முழுவதும் மிதந்துகொண்டிருக்க, தலையை மட்டும் நானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிறுவயதில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, ‘தலையத் தூக்குடா’ என்று மாமா அதட்டிய பழக்கம் அது. தலையையும் தண்ணீரே தாங்கும் என்று கழுத்து நம்புவதற்கு நெடுநேரம் ஆயிற்று. நம்பிய கணத்தில், வலி என்று நான் நினைத்திருந்ததில் பெரும்பங்கு ஓயாத உழைப்பின் களைப்பு என்பது புரிந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் புவியீர்ப்புக்கு எதிராகத் தலையைச் சுமக்கும் தசைகளுக்கு அன்றுதான் விடுப்புக் கிடைத்தது.

அதன்பின் தோல் எங்கே முடிந்து நீர் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போனது. ஆனால் புலன்கள் அடங்கிவிடவில்லை. மூச்சு அலையோசைபோலப் பெரிதாகக் கேட்டது. இதயத்துடிப்பு மார்பில் மட்டுமின்றிக் கழுத்திலும் தெரிந்தது. இமை கொட்டுவதைக்கூட உணர முடிந்தது. வெளியிலிருந்து வருவது குறைந்ததும் உள்ளிருப்பது கேட்கத் தொடங்குகிறது. இதைப் ‘பறிப்பு’ என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பெயரின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், உளவியலாளர் டொனால்ட் ஹெப்பின் குழுவினர் மாணவர்களுக்கு நாளுக்கு 20 டாலர் கொடுத்து, உருவம் தெரியாத கண்ணாடியும் கை உறைகளும் அணிவித்து, நாள்கணக்கில் படுக்க வைத்தார்கள். பலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றின. பெரும்பாலோர் சில நாள்களுக்குமேல் தாங்கவில்லை. மிதவைத் தொட்டி வேறு வழியில் வந்தது. வெளித்தூண்டல் இல்லாவிட்டால் மூளை உறங்கிவிடுமா என்று அறிவதற்காக, 1954இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் மூளை ஆய்வாளர் ஜான் லில்லி அதை அமைத்தார்; தலையை மூடும் முகமூடியுடன் நீருக்குள் மூழ்கிக் கிடந்து பார்த்தபோது, மூளை உறங்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் உளவியலாளர்கள் பீட்டர் சூட்ஃபெல்டும் ரோடரிக் போரியும் பழைய பெயரைக் கைவிட்டு, ‘சூழலின் தூண்டலைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, ‘ஓய்வு’ என்றும் பொருள்படும் ‘ரெஸ்ட்’ என்ற பெயரைக் கொண்டுவந்தனர். அதுவே நேர்மையான பெயர் என்பேன்.

விற்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. நான் சென்ற இடத்தில், உடலின் நச்சுகளை உப்பு உறிஞ்சி எடுத்துவிடும் என்று சொன்னார்கள். நச்சை வெளியேற்றச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன; அந்த வேலையை உப்புநீர் செய்வதாக நம்புவதற்கு இடமில்லை. மெய்யான ஆய்வு இருக்கும்போது இந்தப் புனைவு எதற்கு? ஓக்லஹோமாவின் டல்சா நகரில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர், பதற்றமும் மன அழுத்தமும் தொடர்பான கோளாறுகள் கொண்ட 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு ஆராய்ந்து, அவர்களின் பதற்றம் வெகுவாகத் தணிந்ததை 2018இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு முறை மிதந்தவர்களிடம் கண்ட உடனடிப் பலன் அது. நோய் தீர்ந்துவிடும் என்பதற்குச் சான்று ஆகாது. அவ்வளவைச் சொன்னாலே என்னைப் போன்றவர்கள் வருவார்கள்.

முதன்முறை செல்வோர் அன்று சவரம் செய்யாதீர்கள். கீறல் இருந்தால் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. இருட்டு அச்சமூட்டினால் விளக்கை எரியவிடலாம்; மூடியைத் திறந்தும் வைக்கலாம். இதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தனை மாதங்கள் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.