மரம் பருத்ததை மட்டும் பார்த்துக் காட்டைக் கணிக்க முடியாது

"காபனீரொட்சைட்டு கூடினால் மரம் வேகமாக வளரும், இலங்கையின் கல்லோயாக் காட்டில் அளந்தாலே தெரியும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. ஒளித்தொகுப்பு கூடும், உண்மை. ஆனால் நீருக்கோ மண்ணில் பொசுபரசுக்கோ தட்டுப்பாடு வந்தால் அந்த ஆதாயம் முழுதும் தண்டில் சேராது.

பெரிய சிக்கல் அளக்கும் விதத்தில்தான். கச்சான் காற்று வீசும் வறண்ட ஆகஸ்டில் வீரை மரத்தையோ பாலை மரத்தையோ அளந்துவிட்டு, மாரி மழைக்குப் பிறகு திரும்ப அளந்தால், தண்டு நீரேறி ஊதியதும் வளர்ச்சிக் கணக்கில் விழும். ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில், நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், பெயின்ற் பூசிய அதே கோட்டில் நாடா பிடிக்க வேண்டும். மரத்தின் இலக்கத் தகட்டை மாட்டும் ஆணியைக் கோட்டுக்குக் கிட்ட அடித்தால் அந்த இடம் வீங்கி அளவைக் கெடுக்கும். தண்டின் அடியில் பலகைபோல் விரியும் பலகை வேர் 1.3 மீற்றருக்கு மேல் ஏறியிருந்தால் அதற்கும் மேலேதான் அளக்க வேண்டும்.

செத்த மரங்களைக் கழிக்காவிட்டால் இவ்வளவும் வீண். பலரும் விடுவது இதைத்தான். அமேசன் காட்டில் அதே மரங்களைப் பல ஆண்டுகள் அளந்தபோது, 1990களுக்குப் பிறகு மரச்சாவு கூடி, காடு உறிஞ்சும் காபன் குறைந்துவந்தது தெரிந்தது. 2005, 2010 வறட்சிகளும் அங்கே பல மரங்களைக் கொன்றன.

உங்கள் அளவுகளோடு அளந்த மாதத்தையும் செத்த மரங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள்.