நன்றி அட்டையில் தள்ளுபடியை எழுதாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் கடை கடையாக வாட்ஸ்அப் வாழ்த்து குவிகிறது. பாதியைத் திறக்காமலே அழிக்கிறோம். அதே வீட்டுக்குப் பண்டிகை எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை, கையால் எழுதிய போஸ்ட் கார்டு ஒன்று வரட்டும். வீட்டில் இருக்கிற எல்லாரும் ஆளுக்கொரு தடவை வாசிப்பார்கள். சின்ன ஜவுளிக்கடை, தையல்கடை, பாத்திரக்கடை வைத்திருப்பவர்களுக்கு வாடிக்கையாளரைத் தக்கவைக்க இதைவிட மலிவான, மரியாதையான வழி வேறு இல்லை. ஆனால் செய்கிறவர்களில் பலர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

கெடுப்பது ஒரே ஒரு வரிதான்: "அடுத்த முறை வரும்போது 10 சதவீதம் தள்ளுபடி." இந்த வரி வந்ததும் மேலே எழுதிய நன்றி முழுக்க நோட்டீஸாகிவிடுகிறது. நன்றி என்பது நடந்து முடிந்த வியாபாரத்துக்கு. அடுத்த வியாபாரத்துக்கு வேண்டுமானால் தனியாக நோட்டீஸ் அடியுங்கள்.

என்ன எழுதலாம்? மதுரையில் ஒரு சேலைக்கடை என்று வைத்துக்கொள்வோம்:

"அன்புள்ள வள்ளி அக்கா, போன செவ்வாய்க்கிழமை மாம்பழ மஞ்சளில் சுங்குடிச் சேலை எடுத்தீர்கள். முதல் இரண்டு தடவை கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசுங்கள், சாயம் கொஞ்சம் இறங்கும். நிழலில் காயப்போடுங்கள். அவ்வளவு வெயிலில் கடை வரைக்கும் வந்ததற்கு ரொம்ப நன்றி."

கீழே, சேலையை எடுத்துக் காட்டியவரின் கையெழுத்து. முதலாளி கையெழுத்து வேண்டாம். அக்காவுக்கு முகம் தெரிந்தவர் அந்த விற்பனைப் பெண்தான்.

வள்ளி என்ற பெயரைச் சும்மா போடவில்லை. பில்லில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துத் தமிழில் எழுதினால் வள்ளி "வல்லி" ஆகிவிடுவார். பெயரைத் தப்பாக எழுதிய நன்றிக் கடிதத்தைவிட எழுதாமல் இருப்பது மேல். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். "கடிதம் போடலாமா?" என்று கேட்டு, சம்மதித்தால் பெயர், முகவரி, பின்கோடு மூன்றையும் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கிராமத்து முகவரி என்றால் எந்த அஞ்சல், எந்த ஊர் வழி என்பதையும் கேளுங்கள். ஒரே பெயரில் எத்தனையோ ஊர் இருக்கிறது.

இப்போது கையால் எழுதிய மாதிரியே அச்சடித்துத் தருகிறார்கள். வேண்டாம். வரிக்கு வரி ஒரே "க", ஒரே "ழ" வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். அட்டையின் பின்பக்கம் விரலால் தடவினால் பேனா அழுத்திய தடமும் இருக்காது. நேர்மையாக அச்சடித்த அட்டைக்கு இருக்கிற மதிப்புகூட இந்த வேஷத்துக்குக் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தபால் நிலையத்தில் வாங்கும் 50 காசு அட்டை கையால் எழுதுவதற்கு. வாசகத்தை அச்சடித்தால் அச்சிட்ட அட்டைக்கான 6 ரூபாய்க் கட்டணம். குறைவாக ஒட்டி அனுப்பினால் குறைகிற தொகையைப்போல இரண்டு மடங்கை அட்டையைப் பெறுபவரிடம் தண்டம் வசூலிப்பார்கள். உங்கள் நன்றிக்கு வாடிக்கையாளர் காசு கட்டுவது எவ்வளவு சங்கடம்!

பால்பாயின்ட் பேனாதான் சரி. மைப்பேனா அட்டையில் ஊறும், ஜெல் பேனா ஈரக்கை பட்டால் இழுவும். நீல மை நல்லது. கருமாதிக் கடிதம் பார்த்துப் பழகிய பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு அட்டையின் ஓரத்தில் கறுப்புக் கரை எதுவும் வேண்டவே வேண்டாம்.

நகைக்கடைக்காரர்கள் போஸ்ட் கார்டைத் தொடவே கூடாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதுதான் அதன் இயல்பு. "நீங்கள் வாங்கிய ஐந்து பவுன் ஆரம்" என்று அதில் எழுதினால் தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி. புருஷனுக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டி வாங்கிய பெண்ணாகவும் இருக்கலாம். உள்நாட்டுக் கடிதமோ ஒட்டிய உறையோ போதும். பரிசுக்கு வாங்கிய பொருளுக்கும் இதே கவனம் வேண்டும்.

டெட்ராய்ட் பக்கம் செவர்லே கார் விற்ற ஜோ ஜிரார்ட், 1973-இல் ஒரே வருஷத்தில் 1,425 கார் விற்றுக் கின்னஸில் இடம்பிடித்தவர். வாடிக்கையாளர்களுக்கு மாதம் தவறாமல் வாழ்த்து அட்டை அனுப்பினார். அவரைச் சொல்லி நம் ஊர்க் கடைகளையும் மாதாமாதம் அனுப்பச் சொல்கிறார்கள். கார் வாங்குகிறவர் திரும்பி வரப் பல வருஷம் ஆகும், அதுவரை மறக்காமல் இருக்க அந்த அட்டை வேண்டியிருந்தது. மாதம் ஒரு தடவை கடைக்கே வருகிறவருக்கு அது தொந்தரவு. வாங்கிய ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு அட்டை போதும்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஐந்து அட்டை, அரை மணி நேரம். மாதம் 25 நாள் என்றால் 125 அட்டை, செலவு 62 ரூபாய் 50 காசு. உட்கார்ந்து ஒரே நாளில் ஐம்பது எழுதினால் இருபதாவதிலிருந்து எல்லா அட்டையிலும் ஒரே வாசகம்தான் வரும், கை வலியும் எழுத்தில் தெரியும். அனுப்புநர் முகவரியை மறக்காமல் போடுங்கள். சேராத அட்டை திரும்பி வந்தால் நோட்டில் அந்த முகவரியைத் திருத்தலாம்.

யாராவது அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்கு வந்தால் கல்லாவில் நிறுத்திப் பேச்சுக் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட பெண் மாடியில் இருந்தாலும் கீழே கூப்பிடுங்கள்.