லேஅவுட் வருவதற்கு முன்னால் ஊர் தன் வரைபடத்தை எடுத்து வைக்க வேண்டும்

"நமது ஊராட்சியில் உள்ள நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது." கிராம சபைத் தீர்மானப் புத்தகங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. இந்த வரியால் ஒரு ஓடையும் பிழைக்காது. எந்த ஓடை, எந்த சர்வே எண், எவ்வளவு அகலம் என்று எதுவுமே அதில் இல்லை. அதே ஊரில் மனைப்பிரிவு (லேஅவுட்) போட வருபவரின் கோப்பைப் பாருங்கள், எல்லாம் சென்ட் கணக்கில் இருக்கும். ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தக் கோப்புதான் முடிவு செய்கிறது. ஊர் கையில் கோப்பு இல்லை என்பதுதான் காரணம்.

சட்டமும் இதில் ஊராட்சிக்குக் கை கொடுக்கவில்லை. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்குமான அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்களை ஒன்றாக வைத்துப் படித்தால் புரியும். நகராட்சிகளுக்கான 12-ஆம் அட்டவணையின் முதல் இரண்டு இனங்களே நகரத் திட்டமிடலும், நிலப் பயன்பாடு மற்றும் கட்டடங்களை ஒழுங்குபடுத்துவதும்தான். கிராமங்களுக்கான 11-ஆம் அட்டவணையில் 29 இனங்கள் இருந்தும் இவை இரண்டும் இல்லை. நில மேம்பாடு, சிறு பாசனம், நீர் மேலாண்மை இருக்கின்றன. அதனால்தான் நம் ஊரில் மனைப்பிரிவு போட்டாலும் வரைபடம் மாவட்டத்தில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகிறது. விவசாய நிலம் என்றால் வேளாண் துறை, வருவாய்த் துறை கருத்தையும் கேட்கிறார்கள். கடைசியில், சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரமாக ஊராட்சிக்கு எழுதித் தரப்பட்ட பிறகு, ஊராட்சி இறுதி ஒப்புதல் கொடுக்கிறது. எல்லாம் முடிவான பிறகு போடும் கையெழுத்து அது.

5 ஏக்கர், அதாவது 500 சென்ட் மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு ஏறக்குறைய 150 சென்ட் போகும். மீதி 350 சென்ட். 10,000 சதுர மீட்டருக்கு (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) மேல் உள்ள மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாகக் கொடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கில் 35 சென்ட். மிச்சத்தில் 1,200 சதுர அடி மனை போட்டால் நூறு மனைக்குக் குறையாது. வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நூறு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 22,000 லிட்டர் தண்ணீர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை நம்பி இருக்கும் ஊரில் இது என்ன செய்யும் என்று வரைபடம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும், அவரை யாரும் கேட்பதில்லை.

அந்த 35 சென்ட் எங்கே வருகிறது என்பதும் முக்கியம். விற்க முடியாத மூலை, முக்கோணத் துண்டு, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளம், உயர் மின்கம்பிக்கு அடியில் உள்ள இடம், இதெல்லாம்தான் பூங்காவாகக் காட்டப்படும். இடத்தை முதலிலேயே கேட்டு வாங்காவிட்டால், தானம் வந்த பிறகு மாற்ற முடியாது.

அடுத்தது பைப். 10 அடி அகலம், 3 அடி ஆழம் ஓடும் ஓடைக்கு வெட்டு முகம், அதாவது தண்ணீர் போகும் வாயின் பரப்பு, 30 சதுர அடி. மனைப்பிரிவுச் சாலை அதைத் தாண்டும் இடத்தில் 2 அடி விட்டமுள்ள ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்) ஒன்றைப் போட்டு மண் கொட்டி மூடிவிடுகிறார்கள். அதன் வெட்டு முகம் 3 சதுர அடிக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்கு. கோடையில் பார்த்தால் பைப் பெரிதாகத்தான் தெரியும். ஐப்பசி மழையில் செத்தையும் பிளாஸ்டிக்கும் வாயை அடைத்துக்கொள்ள, தண்ணீர் பின்னால் ஏறிப் பழைய ஊருக்குள் வரும். புதுச் சாலையை மண்ணடித்து இரண்டடி உயர்த்தியிருப்பார்கள் என்பதால் வந்த தண்ணீர் வடியவும் வழி இருக்காது. பைப்பா, பாலமா, அடிமட்டம் எவ்வளவு என்பதை ஒப்புதலுக்கு முன்பே நிபந்தனையாக எழுதியிருந்தால் இது நடக்காது.

ஆகவே விண்ணப்பம் வரும் வரை காத்திருக்காதீர்கள். கிராம வரைபடம், ஏ பதிவேடு (ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரமும் உள்ள வருவாய்ப் பதிவேடு), புலப்பட நகல்கள் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் முதலில் வாங்குங்கள். ஓடை, வாய்க்கால், குளம், ஊருணி, வண்டிப்பாதை, மேய்க்கால் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். பிறகு ஒரு பெருமழை பெய்த மறுநாள் காலையில் அந்த வரைபடத்தோடு ஊரைச் சுற்றி நடங்கள். தண்ணீர் நின்ற இடம், ஓடிய தடம் இரண்டையும் அதே தாளில் போடுங்கள். பட்டா நிலத்துக்குள் ஓடும் தண்ணீர் பதிவேட்டில் பெரும்பாலும் இருக்காது, இந்த நடையில்தான் அகப்படும். ஆடு மேய்ப்பவர்களும் நீர் பாய்ச்சுபவர்களும் உடன் வந்தால் வேலை பாதியாகும்.

அப்புறம் தீர்மானம். "சர்வே எண் 112/3, ஓடைப் புறம்போக்கு, 0.18.50 ஹெக்டேர், இதன் குறுக்கே சாலை வந்தால் ஓடையின் முழு அகலத்துக்கும் பாலம் அமைக்க வேண்டும், கரையை ஒட்டிய மனைப்பிரிவில் திறந்தவெளி இடம் கரைப் பக்கமே விடப்பட வேண்டும்." இது எடுத்துக்காட்டுதான், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி. நகலை ஆட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ), நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம், நீர்வளத் துறை நால்வருக்கும் அனுப்பி ஒப்புகை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமும் வரும். 2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுக்கும் மேலாக அப்படித்தான் இருந்தது, 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் வைக்கவும் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டுமே.

தீர்மானம் போட்டால் அரசு கேட்டே ஆக வேண்டுமா? இல்லை, அதை மறைக்கக் கூடாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது, திட்டம் கைவிடப்படவில்லை. மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள். சுற்று வட்டாரமே திரண்டது, சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பெரிய திட்டங்களில் தீர்மானம் மட்டும் போதாது. ஆனால் 5 ஏக்கர் மனைப்பிரிவில் கதை வேறு. விண்ணப்பம் வருவதற்கு முன்பே சர்வே எண்ணோடு போட்ட தீர்மானம் கோப்பில் இருக்கும்போது அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட அதிகாரி யோசிப்பார். நீதிமன்றம் போனாலும், பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2011 ஜக்பால் சிங் தீர்ப்போடு சேர்த்துக் காட்டலாம்.

நிலம் விற்பவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கடனுக்கும் விற்கிறார்கள், அது அவர்கள் உரிமை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் நாலு பெரிய வீட்டுக்காரர்கள் வரைபடம் போட்டால், சேரிப் பக்கச் சுடுகாட்டுப் பாதைதான் முதலில் விடுபடும், சேரித் தெருப் பக்கம்தான் வடிகால் திருப்பிவிடப்படும். கிராம சபையைக் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்தச் சொல்கிறது அரசு. வரைபடத்துக்கான கூட்டத்தை அங்கேயே வையுங்கள், நடையையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஏற்கெனவே போட்ட மனைப்பிரிவுகளை விட்டுவிடாதீர்கள். தானப் பத்திரம் பதிவானதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். பட்டா பழைய பெயரிலேயே கிடக்கிறது. சில வருடம் கழித்துப் பூங்கா இடம் மனை எண் போட்டு விற்கப்படுகிறது, வாங்கியவர் வீடும் கட்டிவிடுகிறார். அடுத்த கிராம சபையில் மூன்றே கேள்வி கேளுங்கள்: இதுவரை எத்தனை தானப் பத்திரம் வந்திருக்கிறது, அவற்றில் எத்தனைக்கு ஊராட்சி பெயரில் பட்டா மாறியிருக்கிறது, சொத்துப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. பதில் வராவிட்டால் அந்த சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று (நிலம் யார் பெயருக்குக் கைமாறியது என்ற பதிவு விவரம்) போட்டுப் பாருங்கள். இன்னும் விற்கப்படாமல் இருந்தால் அந்த வாரமே பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, ஊராட்சி பெயரில் பலகை வையுங்கள்.